தாளம் நிறுத்தி, கதை சொன்ன புலவர்

சினிமா பாட்டுல பல்லவி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தாளமே இல்லாம ரெண்டு மூணு வரி வருமே, கவனிச்சிருக்கீங்களா? அதுக்குப் பேரு தொகையறா. நாகூர் ஹனிபா பாட்டுகளிலும் நிறைய கேட்டிருப்பீங்க. பாட்டா பேச்சான்னு பிரிக்க முடியாத இந்த முறையில் பாட ஏற்ற விருத்தத்திலேயே ஒரு பெரிய காவியத்தை எழுதினவர் உமறுப் புலவர். அதுக்கு வித்து விழுந்த ஊர் நம்ம கீழக்கரை!

உமறு 1642-ல் பிறந்தவர்னு சொல்வாங்க. எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவர்கிட்ட தமிழ் படிச்சார். பதினாறு வயசிலேயே, வடக்கே இருந்து வந்த வாலை வாருதின்னு ஒரு புலவரை வாதத்தில் ஜெயிச்சதா கதை உண்டு. பிறகு எட்டயபுரம் அரண்மனைப் புலவர் ஆனார்.

நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் காவியமா பாடணும்னு அவரிடம் கேட்டவர், செத்தும் கொடுத்த நம்ம வள்ளல் சீதக்காதி. ஆனா உமறுவுக்குத் தமிழ் இருந்தது, அரபு நூல்களில் இருந்த வரலாறு கையில் இல்லை. அதுக்காகக் கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் போனார். அரண்மனைப் புலவர் கோலத்தில் வந்தவரைப் பார்த்து அப்பா முதலில் மறுத்துட்டாராம். பிறகுதான் மனசு மாறி உதவினார்னு ஊர்ல சொல்வாங்க.

சரி, எப்படிப் பாடுறது? கேட்கிற ஜனங்களுக்குக் கதை புரியணும். தாளம் போட்டு இழுத்தா வார்த்தை நசுங்கும். வெறும் பேச்சா சொன்னா மனசுல ஒட்டாது. இதே சிக்கல் இத்தாலியிலும் இருந்தது. 1600-ல் ஃபுளோரன்ஸ் நகரில் யாக்கோப்போ பெரி 'யூரிடிசி' என்ற ஒபராவில், பேச்சின் ஏற்ற இறக்கத்தையே இசையாக்கினார். அதுக்குப் பேரு ரெசிட்டேட்டிவ். 1742-ல் டப்ளினில் அரங்கேறின ஹாண்டலின் 'மெசாயா' என்ற ஆரட்டோரியோவிலும் இந்த முறை உண்டு. அங்கே பொதுவா ரெசிட்டேட்டிவில் கதை நகரும். உணர்ச்சி பொங்கும்போது தனிப் பாட்டு வரும்.

தமிழில் அந்த ரெண்டு வேலையையும் விருத்தம் ஒண்ணே செய்யும். விருத்தம் பாடும்போது தாளம் நிக்கும். ராகம் மட்டும் ஓடும். எங்கே நிறுத்தணும், எங்கே நீட்டணும்னு வார்த்தைதான் முடிவு பண்ணும். ஆனா நாலு அடியும் ஒரே அளவு, எதுகை வேற இருக்கு. அதனால காதுக்குப் பிடி கிடைக்கும், மனப்பாடமும் ஆகும். கலிவிருத்தம், அறுசீர், எழுசீர்னு அளவை மாத்தி மாத்தி, கதைக்கு ஏத்த வேகம் கொடுக்கலாம். உமறு இதைத்தான் கையில் எடுத்தார்.

காவியம் முடியும் முன்னாடியே சீதக்காதி இறந்துட்டார். அத்தோட நின்னிருக்கும். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு கொடுக்க, வேலை தொடர்ந்தது. நன்றியா அவரைப் புகழ்ந்து காவியத்துக்குள்ளேயே பல இடத்தில் பாடியிருக்கார் உமறு. 5,027 விருத்தம், மூணு காண்டம்: விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து. அதுதான் சீறாப்புராணம்.

ஆனாலும் நபிகளின் கடைசி வருஷங்கள் அதில் இல்லை. உமறு 1703-ல் காலமானதா சொல்வாங்க; எட்டயபுரத்தில் அடக்கமானார். விட்ட இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் பிறகு சின்னச் சீறா பாடினார்.

சீறாப்புராணம் அச்சுக்கு வந்தது 1842-ல்தான். அதுவரை நூறு வருஷத்துக்கும் மேல அதைச் சுமந்தது ஓலையும் மனுஷக் குரலும்தான். ஒருத்தர் பாட, இன்னொருத்தர் பொருள் சொல்ல, எழுத்து தெரியாதவருக்கும் காவியம் போய்ச் சேர்ந்தது.

லைப்ரரியில் சீறாப்புராணம் கிடைச்சா, ஒரே ஒரு பாட்டை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. ரெண்டாவது அடி வரும்போது, படிக்கிறீங்களா பாடுறீங்களான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும்!