வரி மறுத்த குடிமகன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்னும் சிற்றூரில், 1817 ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் பிறந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. தந்தையார் பென்சில் செய்து விற்றவர். 1837இல் ஹார்வர்டில் கல்வி முடித்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியரான தோரோ, மாணவரை அடித்துத் திருத்த வேண்டும் என்னும் மேலிடத்தாரின் வற்புறுத்தலை ஏற்க மனமின்றி, சில நாள்களிலேயே அப்பணியைத் துறந்தார். மனச்சான்றுக்கு ஒவ்வாத ஆணைக்குப் பணியாத இயல்பு அன்றே வெளிப்பட்டது.

1845இல் வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் வாழத் தொடங்கினார். மறு ஆண்டு ஜூலையில், பழுதுபார்க்கக் கொடுத்த காலணியை வாங்க ஊருக்குள் வந்தவர், தலைவரி செலுத்தாமைக்காகச் சிறைப்பட்டார். சிறு தொகைதான், ஆயினும், மனிதரை விலைப்பொருளாக்கும் அடிமை முறைக்கு அரணாக நிற்கும் அரசைத் தம் அரசென ஏற்க அவர் உள்ளம் இசையவில்லை. அவ்வாண்டு மெக்சிகோவின்மீது தொடங்கிய போர் அவ்வுறுதியை மேலும் வலுப்படுத்தியது. அதே வேளையில், அயலாருக்கும் பயன்படும் சாலைக்குரிய வரியை அவர் மறுத்ததில்லை. அரசை மறுத்தவர் ஊரை மறுக்கவில்லை.

அன்றிரவே வேறொருவர் அவ்வரியைக் கட்டிவிட்டார். அவர் தோரோவின் அத்தையே என்பர். மறுநாள் விடுதலை பெற்ற தோரோவுக்கு மகிழ்ச்சியினும் சினமே மிகுந்தது. மறுப்பதோடு அதற்குரிய தண்டனையையும் தாமே ஏற்க வேண்டும் என்பதன்றோ அவர் கொள்கை! பிறர் தீர்த்த அக்கடனைப் பிற்காலத்தில் தம் செயலால் ஈடுசெய்தார் எனலாம். 1848இல் தம் நிலையை ஊர் மன்றத்தில் விளக்கினார். அவ்வுரை 1849இல் கட்டுரையாக அச்சேறியது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கப் பணிக்கும் சட்டம் 1850இல் வந்தது. அதனைப் பொருட்படுத்தாது, 1851இல் தம் இல்லம் நாடி வந்த ஒருவரைக் கனடாவுக்குச் செல்லும் வழியில் தாமே முன்னின்று அனுப்பிவைத்தார்.

1862 மே 6இல், 44ஆம் வயதில், காசநோய் அவரைக் கொண்டுசென்றது. அடிமை முறை 1865இல் சட்டத்தால் ஒழிந்ததை அவர் காணவில்லை. வாழ்ந்த நாளில் பெரிதும் கவனம் பெறாத அக்கட்டுரையின் பகுதிகளைக் காந்தியடிகள் 1907இல் தென்னாப்பிரிக்காவில் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டார். அங்கு அறப்போர் புரிந்து சிறை புகுந்தோருள் தமிழர் பலர். ஓரிரவோடு முடிந்த தோரோவின் சிறைவாசத்தை அவர்கள் திங்கள் கணக்கில் நீட்டித்தனர். அவர்களுக்காக எவரும் வரி கட்டி மீட்க வரவில்லை.