ஏட்டில் நோயைக் கண்டவர்

இங்கிலாந்தின் சுராப்சயர் பகுதியிலுள்ள கென்லி என்னும் சிற்றூரில், 1807ஆம் ஆண்டு, எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் வில்லியம் ஃபார். செல்வர் ஒருவரின் ஆதரவால் கல்வி பெற்றார்; அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு பாரிசுக்குச் சென்று மருத்துவம் பயின்றார். இலண்டனில் மருத்துவராகத் தொழில் தொடங்கினார். எனினும், அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது அரசு அலுவலக எழுத்துப்பணியே.

1837இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்புப் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. ஈராண்டுகளில் ஃபார் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்தார். ஒரே நோயை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயரால் குறித்துவந்த காலம் அது. அப்பெயர்களை அவர் வகைப்படுத்தி ஒழுங்குசெய்தார்.

1847ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பரவியது. அதனால் இறந்தோர் எனப் பதிவேடு காட்டிய எண்ணிக்கை பெரிதன்று. ஆனால், நுரையீரல் அழற்சி, மூச்சுக்குழல் அழற்சி, ஈளை என்னும் தலைப்புகளின்கீழ் இறப்புகள் பெருகியிருந்தன. ஃபார் எளியதொரு கணக்கைப் போட்டார். முந்தைய ஆண்டுகளின் அதே பருவத்தில் வாரந்தோறும் எத்தனை பேர் இறந்தனர் என்பதைக் கொண்டு, அக்குளிர்காலத்தில் எதிர்பார்க்கத்தக்க இறப்புகளை மதிப்பிட்டார். நிகழ்ந்த இறப்புகளிலிருந்து அதனைக் கழித்தார். ஆறு வாரங்களில் ஏறத்தாழ 5,000 பேர் மிகுதியாக இறந்திருந்தனர்! நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி இன்னதென்று எவரும் அறியாத நாளில், அந்நோய் கொண்ட உயிர்களை அவர் எண்ணிவிட்டார். மிகை இறப்பு எனப்படும் அக்கணக்கே கொரோனா காலத்திலும் உலக நாடுகளுக்குக் கைகொடுத்தது.

காலரா குறித்து அவர் முதலில் கொண்ட கருத்து வேறு. தேம்சு ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் எழும் தீய காற்றே காரணம் என நம்பினார். நிலம் உயர உயர இறப்புக் குறைவதைப் புள்ளிவிவரங்களும் காட்டின. குடிநீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் சுனோ. மாற்றுக் கருத்தினர் என்று பாராமல், அவர் ஆய்வுக்கு வேண்டிய இறப்பு விவரங்களை ஃபார் வழங்கினார். அப்பெருந்தன்மை போற்றத்தக்கது. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது, இறப்புகள் கிழக்கு இலண்டனில் ஒரே நிறுவனத்தின் குடிநீர் சென்ற பகுதியில் குவிந்திருக்கக் கண்டார். வடிகட்டாத நீரை வழங்கவே இல்லை என நிறுவனம் மறுத்தது. வீட்டுக் குழாய்களிலோ விலாங்கு மீன்கள் கிடைத்தன! சுனோ அதற்கு எட்டாண்டுகள் முன்பே இறந்துவிட்டார். அவர் கருத்தே சரியென்பதைத் தம் அறிக்கையில் ஃபார் நிறுவினார்.

பின்னாளில் தலைமைப் பதிவாளர் பதவி வெற்றிடமானது. நாற்பதாண்டுகள் உழைத்த ஃபாருக்கு அது வழங்கப்படவில்லை. 1880இல் பணியிலிருந்து விலகிய அவர், 1883இல் காலமானார்.