சாணைக்கல் செய்யப்போய் கிராபைட் கண்டவர்

பட்டறைகளில் இரும்பைத் தேய்க்கும் கார்போரண்டம் சாணைக்கல்லை உலகுக்குத் தந்தவர், 16 வயதோடு படிப்பை விட்டவர். அவர் பெயர் எட்வர்டு ஆச்சிசன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1856-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி பிறந்தார். தந்தை இரும்பு உலை நடத்தியவர். அவர் இறந்ததும் குடும்ப பாரம் மகன் தலையில் விழுந்தது. ரெயில் பாதைக்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். மாலையில் வீடு திரும்பியதும் மின்சார ஆராய்ச்சிதான்.

1880-ல் தாம் செய்த பாட்டரியை விற்க எடிசனிடமே போனார். பாட்டரி விலைபோகவில்லை, வேலை கிடைத்தது! பல்பில் எரியும் இழையைக் கிராபைட்டில் செய்து பார்ப்பது அங்கு அவருக்கு இட்ட பணி. பிறகு ஐரோப்பாவுக்குப் போய் மின்விளக்குகள் அமைத்தார். 1884-ல் எடிசனை விட்டு விலகினார்.

இரும்புச் சட்டியில் அதிசயம்

1891-ல் ஓர் இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து போட்டார். நடுவில் ஒரு கார்பன் குச்சியைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். ஆறிய பின் குச்சி நுனியில் சில பளபளப்பான துகள்கள். ஒன்றைப் பென்சில் முனையில் ஒட்டிக் கண்ணாடியில் கீறினார். கண்ணாடி வெட்டுப்பட்டது. அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். மணலில் உள்ள சிலிக்கனும் கரியும் சேர்ந்த பொருள் அது. வைரம் பட்டை தீட்டுவோர் காரட்டுக்கு 40 செண்டு கொடுத்து வாங்கினார்கள்.

நயாகரா நீர்வீழ்ச்சி மின்சாரத்தை நம்பி 1895-ல் தொழிற்சாலையை அங்கே மாற்றினார். ஆனால் கடன் வாங்கிக் கட்டிய கம்பெனி, பணம் போட்ட மெலன் வங்கிக் குடும்பத்தின் பிடிக்குள் போய்விட்டது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த கதைதான்.

சூடு மீறியதால் கிடைத்தது

அதற்குள் இன்னொரு கதவு திறந்திருந்தது. உலையில் சூடு அளவு மீறிய இடத்தில் கல் கெட்டுப்போயிருந்தது. வடிவம் பழைய படிகம். தொட்டால் மெத்தென்ற கிராபைட்! சிலிக்கன் ஆவியாகிப் பறந்துவிட, மிஞ்சிய கரி அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. வேறொருவராக இருந்தால் குப்பையில் கொட்டியிருப்பார். இவர் 1896-ல் காப்புரிமை பெற்றார். 1899-ல் கிராபைட்டுக்கென்றே தனிக் கம்பெனி தொடங்கினார். எஃகு உருக்கும் மின்உலைகளில் இன்று இறங்கும் பெரிய கரித்தூண்களும் செயற்கைக் கிராபைட்தான்.

அதே வித்தையைத்தான் விஞ்ஞானிகள் பின்னாளில் நுட்பமாகச் செய்தார்கள். கார்போரண்டத் தகட்டை வெற்றிடத்தில் சூடாக்கினால், மேலே சில அணு கனத்தில் கிராபைட் ஏடு வளரும். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 2004-ல் அதில் மின்சாரம் ஓடும் விதத்தை அளந்து வெளியிட்டார்கள்.

நம் சென்னையிலும் 1954-ல் முருகப்பா குழுமம், அந்த அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து சாணைக்கல் தொழிலைத் தொடங்கியது.

ஆச்சிசன் பெற்ற காப்புரிமைகள் சுமார் 70. மின்வேதியியல் சங்கம் அவர் பெயரில் ஏற்படுத்திய பதக்கத்தை 1929-ல் முதன்முதலாக அவருக்கே அளித்தது. 1931 ஜூலை 6-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 75.