ஓடாநிலைச் சின்னமலை

சேலத்திலிருந்து ஈரோட்டை நோக்கி ரயிலில் செல்வோர் சங்ககிரி துர்க்கத்தைக் காணாமல் செல்லுதல் அரிது. சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கும் அம்மலையின் மேல், ஒன்றன்பின் ஒன்றாக மதிற்சுவர்கள் ஏறிச் செல்லுகின்றன. நம் கல்லூரி மாணவரிற் பலர் விடுமுறை நாட்களில் அதன் படிகளை ஏறி இளைத்திருப்பர். வாயில்களைக் கடந்து, மேலேயுள்ள பெருமாள் கோயிலையும் தர்காவையும் கண்டு, சுனைநீரை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியிருப்பர். மலையுச்சியில் ஓரிடத்தை வழிகாட்டுவோர் விரல் சுட்டிக் காட்டுவதுண்டு. அங்கே 1805-ம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட ஒருவரது வரலாற்றையும், அவரோடு வாழ்ந்து அவரோடு இடிந்த ஒரு சிற்றூரின் வரலாற்றையும் ஒருங்கே கூற முயலுகின்றோம். இரண்டையும் பிரித்துக் கூறுதல் இயலாது.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. 1756-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17-ம் நாள், காங்கயத்தை அடுத்த மேலப்பாளையம் என்னும் ஊரில், இரத்தினம் என்பாருக்கும் பெரியாத்தாளுக்கும் மகனாகப் பிறந்தார். பழையகோட்டைப் பட்டக்காரரின் மரபைச் சேர்ந்தவராதலின் சர்க்கரை மன்றாடியார் என்னும் பட்டமும் அவருக்கு உரியதாயிற்று. காங்கய நாடு மழை குறைந்த நாடு. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். சோளமும் கம்பும் கொள்ளும் விளையும் காடுகளையும், கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சற் கொறங்காடுகளையும், அவற்றிற் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து திமில் ஓங்கி நிற்கும் காளைகளையும் அன்றி அங்கே பெருஞ்செல்வம் என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. இத்தகைய நிலத்தில் வரி என்பது எத்துணைக் கடிய சொல் என்பதை, ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்த நம்மவர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் கிஸ்தி பொய்ப்பதில்லை.

அக்காலத்தில் கொங்குநாடு மைசூர் அரசின் கீழ் இருந்தது. கொங்கிலே தண்டிய வரிப்பணம் சங்ககிரிக் கோட்டைக்குச் சென்று, அங்கிருந்து மைசூருக்குப் போவது வழக்கம். ஒருமுறை அவ்வாறு பணங்கொண்டு சென்ற அதிகாரிகளைத் தீர்த்தகிரி தம் தோழருடன் வழிமறித்துப் பணத்தைப் பறித்து ஏழைகளுக்கு ஈந்தார் என்றும், பறித்தவன் யாரெனக் கேட்ட அதிகாரிகளிடம், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலுள்ள ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்லுமாறு கூறியனுப்பினார் என்றும் நாட்டு வழக்குக் கூறும். இரு மலைகளையும் நேரிற் கண்டவர்க்கே இவ்விடையின் நயம் விளங்கும். நடுவிலே மனிதனொருவன் மலையாக நின்றான் என்பது அதன் கருத்து. தீர்த்தகிரி சின்னமலையானது அன்று முதல் என்பர். இக்கதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் நாம் சாட்சி கூற வல்லோமல்லோம். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அவர் தடுத்த பணம் எந்தக் கோட்டைக்குச் செல்லவிருந்ததோ, அக்கோட்டைக்கே அவர் பிற்காலத்தில் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார்.

மைசூரின் வரியைப் பறித்தவர் பின்னர் மைசூரின் பக்கம் நின்று போர் புரிந்தமை சிலருக்கு வியப்பாகத் தோன்றும். முரண்பாடு என்று குறை கூறுவோரும் உளர். அவருக்குத் தம் நாட்டின் மேல் இருந்த பற்று மாறவில்லை, எதிரியே மாறினான் என்பது நமது அபிப்பிராயம். 1792-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி பாராமஹாலும் சேலமும் சங்ககிரியும் கும்பெனியார் வசமாயின. காவிரிக்குக் கிழக்கே கும்பெனி. மேற்கே திப்பு சுல்தான். கேப்டன் ரீடும், பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவும் இக்கரையில் நிலங்களை அளந்து வரி விதித்துக்கொண்டிருந்த ஏழாண்டுகளும், அக்கரையிலுள்ளார் அதைக் கண்டுகொண்டே இருந்தனர். இன்று ஒரு பாலத்தில் சில நிமிஷத்திற் கடக்கும் ஆறு அன்று இரண்டு அரசுகளின் எல்லை. அடுத்து ஆற்றைக் கடக்க இருப்பது யாரென்பது சின்னமலைக்கு விளங்காமற் போயிருக்க முடியாது. கொங்கு இளைஞரைத் திரட்டிப் பயிற்றி, அப்படையுடன் அவர் திப்புவின் பக்கம் சேர்ந்தார். மழவல்லியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கொங்குப்படை பொருததாகக் கூறுவர். 1799-ம் ஆண்டு மே மாதம் 4-ம் நாள் திப்பு வீழ்ந்தார். கொங்குநாடு முழுவதும் கும்பெனியார் கைக்குச் சென்றது.

ஊர் திரும்பிய சின்னமலை பழைய பட்டக்கார வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. அறச்சலூரை அடுத்த ஓடாநிலை என்னும் சிற்றூரைத் தமக்கு நிலையாகக் கொண்டு, அங்கே கோட்டை கட்டினார். அறச்சலூர்ப் பகுதி வரலாற்றிற்குப் புதியதன்று. அவ்வூர் நாகமலைக் குகையில் இசையெழுத்துக்களைப் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆனால் ஓடாநிலையின் பெயர் வெளியுலகிற்கு எட்டியது சின்னமலையாலேதான். கோட்டையிலே வீரருக்குப் போர்ப்பயிற்சி அளிக்கப்பட்டதென்றும், பிரெஞ்சுக்காரர் துணையுடன் பீரங்கிகளும் செய்யப்பட்டன என்றும் சொல்லுவர். பகைவருக்கு அஞ்சி ஓடாது நின்ற நிலையே ஓடாநிலை என ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவாருமுண்டு. ஊர்ப்பெயர்களுக்குப் பின்னாளில் கதை கட்டுதல் நம் நாட்டில் எங்குமுள்ள வழக்கமாதலால் இதனை நாம் வற்புறுத்தோம். ஆயினும் பெயருக்கு ஏற்ற செய்கை அங்கே நிகழ்ந்தது உண்மை.

அவருடன் நின்றவர் யாவர் என்பதை இங்கே நிறுத்திக் கூறவேண்டும். ஒரு குலத்தார் மட்டும் திரண்ட கூட்டமன்று அது. உடன்பிறந்தாரான பெரியதம்பியும் கிலேதாரும் இருந்தனர், கருப்பசேர்வை இருந்தார், ஓமலூர்ச் சேமலைப் படையாச்சி இருந்தார், முஸ்லிம் வீரர் இருந்தனர், அருந்ததியர் குலத்துப் பொல்லான் இருந்தார்.

1800-ம் ஆண்டில் தென்னாட்டுப் பாளையக்காரர் பலர் ஒன்றுகூடினர். விருப்பாட்சி கோபால நாயக்கரும், சிவகங்கை மருது சகோதரரும், மலையாளத்துப் பழசி ராஜாவும், வடக்கே தூந்தாஜி வாக்கும் இக்கூட்டில் தொடர்புற்றிருந்தனர். கோயமுத்தூர்க் கோட்டையை ஜூன் மாதம் 3-ம் நாள் தாக்குவதென முடிவாயிற்று. முகரம் நாட்களாதலால் கோட்டைக் காவலிலுள்ள முஸ்லிம் சிப்பாய்களின் உதவி கிடைக்குமென எண்ணினர். எண்ணியவாறு நடக்கவில்லை. செய்தி முன்னரே கசிந்தது, வரவேண்டியவர் வருமுன் தொடங்கவேண்டியதாயிற்று, முயற்சி முறிந்தது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில், பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் படை தூந்தாஜியைக் கொன்றது. அடுத்த ஆண்டிலே கோபால நாயக்கரும் மருது சகோதரரும் தூக்குமேடை ஏறினர். தெற்கேயும் வடக்கேயும் துணைகள் அற்றபின், ஓடாநிலை நடுவிலே தனித்து நின்றது.

அவ்வாறு தனித்து நின்ற ஓர் ஊர் நான்காண்டு தாக்குப் பிடித்தது என்பதையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். 1801-ல் காவிரிக் கரையிலும், 1802-ல் ஓடாநிலையிலும், 1804-ல் அறச்சலூரிலும் சின்னமலை கும்பெனிப் படையை முறியடித்ததாக நாட்டார் கூறுவர். மாக்ஸ்வெல் என்னும் தளபதியின் பெயர் அக்கதைகளில் அடிபடும். ஒவ்வொரு போரின் விவரத்தையும் வரிசைப்படுத்த நாம் முயலவில்லை.

முடிவிலே பெரும்படையும் பீரங்கிகளும் ஓடாநிலையை நோக்கி வந்தன. இவ்விடத்தில் ஒரு செருப்பின் கதை வருகின்றது. சின்னமலையின் ஆளாகிய வேலப்பன் கும்பெனிப் படையிலே இருந்துகொண்டு செய்திகளை எழுதித் தருவார்; அவற்றைச் செருப்பினுள்ளே வைத்துத் தைத்துக் கொணருவது பொல்லானின் தொழில். அவ்வாறு வந்த எச்சரிக்கையைக் கண்டு சின்னமலை கோட்டையை விட்டு அகன்றார். உள்ளே புகுந்த கும்பெனியார்க்கு ஆளில்லாக் கோட்டையும், பிரித்த செருப்பும், அதனுள் இருந்த கடிதங்களுமே கிடைத்தன என்பர். வேலப்பனும் பொல்லானும் உயிரிழந்தனர். வெறுங்கோட்டையைப் பீரங்கி வைத்து இடித்துத் தரைமட்டமாக்கினர். மனிதரைப் பிடிக்க இயலாத சினம் சுவர்களின்மேற் பாய்ந்தது. தலைவன் பெயரைப் பாடியவர் நெடுங்காலம் இருந்தனர். செருப்புத் தைத்தவனின் பெயர் வெளியே உரக்கக் கேட்க இரு நூற்றாண்டு சென்றது. அவ்வெச்சரிக்கை கிடைத்திராவிடில் சின்னமலையின் கதை ஓடாநிலையிலேயே முடிந்திருக்கும் அல்லவா?

சின்னமலையும் உடன்பிறந்தாரும் பழனிப் பக்கத்துக் கருமலையில் மறைந்திருந்தனர். போரிலே பிடிக்க முடியாதவரைச் சோற்றிலே பிடித்தனர். சமையற்காரன் நல்லப்பன் கும்பெனியாரின் பொருளுக்கு ஆசைப்பட்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தான் என்றும், ஆயுதங்களைப் புறத்தே வைத்து உண்ண அமர்ந்த வேளையிலே வீடு சூழப்பட்டதென்றும் கூறுவர். பிடிபட்டவர் சங்ககிரிக்குக் கொண்டுவரப்பட்டனர்.

1805-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ம் நாள் சின்னமலையும் அவர் தம்பியரும் கருப்பசேர்வையும் அம்மலைக் கோட்டையிலே தூக்கிலிடப்பட்டனர். அன்று ஆடிப் பதினெட்டு. கீழே காவிரிக் கரையெங்கும் மகளிர் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டு புதுவெள்ளத்தை வணங்கும் நாள். வயநாட்டுக் காடுகளில் இன்னும் போராடிக்கொண்டிருந்த பழசி ராஜா நான்கு மாதத்திற்குப்பின் நவம்பர் 30-ம் நாள் மாண்டார்.

பின்னாளில் அரசாங்கம் சின்னமலையை மறக்கவில்லை. ஓடாநிலையில் மணிமண்டபம் எழுந்தது. சென்னைக் கிண்டியில் குதிரைமேல் அமர்ந்த சிலை நிறுவப்பட்டது. 2005-ம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. திருச்சிப் பக்கத்துப் பேருந்துகள் 1997 வரை அவர் பெயர் தாங்கி ஓடின. கிண்டிச் சிலைக்கு அணித்தே கிறிஸ்தவர் போற்றும் சின்னமலை உண்டு. அது புனித தோமையாரின் பெயரோடு இணைந்தது, நம் கதைக்கு உறவில்லாதது. சென்னைக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருப்பாராக.

நினைவுநாளைப் பற்றி ஒரு சிறு குழப்பம் உண்டு. தபால்தலை ஜூலை 31-ல் வெளிவந்தது. சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் விழா நடப்பதோ ஆகஸ்டு மாதம் 2-ம் நாள் அல்லது 3-ம் நாள். ஒரு சாரார் பிழை செய்கின்றனர் என எண்ணவேண்டா. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிஷத்திற்குச் சற்று மேலாக நீண்டது. இரு நூற்றாண்டில் அது ஏறக்குறைய மூன்று நாட்களாகத் திரளும். 1805-ல் ஜூலை 31-ஆக இருந்த ஆடிப் பதினெட்டு, இவ்வாறு நழுவி ஆகஸ்டினுள் வந்துவிட்டது. ஊரார் ஆங்கிலத் தேதியைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கவில்லை; ஆற்றில் வெள்ளம் வரும் நாளைப் பற்றிக்கொண்டனர். அரசாங்கமும் அந்நாளையே கைக்கொண்டது. அன்று காலையில் மாலைகளுடன் மலையடிக்கு வருவோரிற் பலர், அங்கிருந்து நேரே காவிரிக்கு நீராடச் செல்லுகின்றனர்.