கைவிளக்கேந்திய காரிகையின் முதல் நோயாளி ஒரு நாய்!

ஓசூர் ஜூஜுவாடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழகிய காட்சி. பிள்ளைகள் சிப்காட்டுக்கோ, பார்டர் தாண்டி பெங்களூருக்கோ ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிடுவாங்க. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு மாத்திரை, சாப்பாடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இருக்காது. அந்த நீண்ட பகல் பொழுதைப் பற்றி 160 வருஷத்துக்கு முன்பே யோசித்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1820 மே 12-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்ததால் அவருக்கு அந்தப் பேர். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். அவருடைய பதின்வயதில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரின் நாய் கேப். பையன்கள் கல்லெறிந்ததில் அதற்குக் கால் போச்சு. வேலை செய்ய முடியாத நாய்க்குச் சோறு போட வழியில்லாமல், அதைக் கொன்றுவிட முடிவெடுத்தார் மேய்ப்பர். ஃபிளாரன்ஸ் போய்ப் பார்த்தால் எலும்பு முறியவில்லை, வெறும் அடிதான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தே கேப்பைக் காப்பாற்றிட்டார்.

1854-ல் கிரிமியப் போர். 38 நர்ஸ்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். ஊர் திரும்பியதும் அவரே நோயாளி ஆனார். 1857-லிருந்து பல வருஷங்கள் பெரும்பாலும் படுக்கையில்தான். சுற்றிலும் பூனைகள். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, நம்ம நாட்டின் சுகாதாரத்துக்காக அங்கிருந்தபடி எழுதிக் குவித்தார்.

1859-ல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில், நாள்பட்ட நோயாளிகளுக்குச் சின்ன வளர்ப்புப் பிராணி அருமையான துணை என்கிறார். நர்ஸ், நாய் இரண்டின் கவனிப்பிலும் இருந்த ஒரு நோயாளி, நாய்க்குத்தான் ஓட்டு போட்டாராம். முக்கியக் காரணம், அது தொணதொணன்னு பேசாது! கூண்டுப் பறவைகூடப் போதும் என்கிறார். முடிந்தால் அதற்கு இரை வைப்பதையும் சுத்தம் செய்வதையும் நோயாளியே செய்யட்டும் என்பது அவர் அறிவுரை. கவனிக்கப்படுபவர், இன்னோர் உயிரைக் கவனிப்பவராகவும் மாறுகிறார் பாருங்க.

1910-ல், 90 வயதில் அவர் மறைந்தார். இன்று தடுப்பூசி போட்டு, குணம் பார்த்துத் தேர்ந்தெடுத்த 'தெரபி' நாய்கள் உலகெங்கும் மருத்துவமனை வார்டுகளுக்குப் போகின்றன. நம்ம ஊருக்கு அவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அலர்ஜி, திறந்த புண் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் வீட்டு நாயை அப்பாவின் கட்டில் பக்கம் விடுங்க. ஒரு பிஸ்கட்டை அவர் கையாலேயே போடட்டும்.