நடுக்கடலில் மாயமான டீசல்.. உங்க வீட்டு ஜெனரேட்டருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு. இன்வெர்ட்டரும் சார்ஜ் இறங்கி கத்த ஆரம்பிச்சிடுச்சு. சரி, ஜெனரேட்டரைப் போடலாம்னு போனா செல்ஃப் மட்டும் சுத்துது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. மெக்கானிக் வந்து பார்த்தால், டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும், லைனில் ஏர் லாக் ஆகியிருக்கும். பல மாதம் ஓட்டாமல் வைத்த டீசல் ஜெனரேட்டர்களில் அடிக்கடி நடப்பது இதுதான்.

இன்ஜினில் குறை இல்லை. டீசல்தான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. எரிபொருளை உள்ளே சேர்க்கும் இதே பிரச்னையோடு 130 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் மல்லுக்கட்டினார். அவர் பெயரே டீசல்தான். யார் இந்த ருடால்ஃப் டீசல்? அவருக்கு என்ன ஆனது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

போரில் ஊரை இழந்த சிறுவன்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18, பாரிஸ் நகரில். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்பதால் குடும்பமே பாரிஸை விட்டு லண்டனுக்குக் கிளம்ப வேண்டியதானது. அங்கே பிழைப்பு கஷ்டம். 12 வயது ருடால்ஃபை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

படிப்பில் பையன் கெட்டி. உதவித்தொகையில் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார். டைபாய்டு வந்ததால் சக மாணவர்களோடு தேர்வு எழுத முடியவில்லை. பிறகு எழுதி 1880-ல் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு தேறினார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர், குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் வான் லிண்டே.

மனதில் தங்கிய ஒரு கணக்கு

அது நீராவி இன்ஜின் காலம். ஆனால் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் 10 சதவீதம் வேலையாக மாறினாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் புகையாகவும் சூடாகவும் வீணாகப் போனது. வகுப்பில் கேட்ட இந்த விஷயம் டீசலை விடவே இல்லை.

அவர் யோசித்த வழி இது: சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் பலமாக அழுத்த வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறதே, அதே விஷயம்தான். அழுத்த அழுத்த காற்று கொதிக்கும். அந்த நேரத்தில் எரிபொருளைத் தெளித்தால் தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாததற்குக் காரணம் இதுதான். 1893-ல் இதற்கு ஜெர்மனியில் காப்புரிமை கிடைத்தது.

கோட்பாடு ரெடி. எரிபொருளை எப்படி உள்ளே அனுப்புவது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். உள்ளே ஏற்கனவே பயங்கர அழுத்தம். அதை மீறி எரிபொருளைத் தள்ள வேண்டும். அதுவும் சரியான நொடியில், சரியான அளவில், பனித்துளி மாதிரி நுண்ணியதாக. நிலக்கரித் தூளைக்கூட எரிபொருளாக யோசித்தார், சரிவரவில்லை.

1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையில் முதல் சோதனை. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் உயிர் தப்பினார். ஆனால் எரிபொருள் தானாகப் பற்றும் என்பது நிரூபணமானது. 1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் சொந்த பலத்தில் சுமார் ஒரு நிமிடம் ஓடியது.

எரிபொருளைத் தனியாகத் தள்ளும் பம்ப் முயற்சிகள் கைகொடுக்காததால், தனி கம்ப்ரசர் வைத்து, அழுத்திய காற்றோடு சேர்த்து எரிபொருளை ஊதி அனுப்பும் முறைக்குப் போனார். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அந்த இன்ஜினை அதிகாரபூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரைத்திறன், 26.2 சதவீத செயல்திறன். அன்றைய தேதிக்கு அது யாரும் எதிர்பார்க்காத எண்.

பணமும் வந்தது, பழுதும் வந்தது

பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்கின. டீசல் கோடீஸ்வரர் ஆனார், மியூனிக்கில் மாளிகை கட்டினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது.

ஆனால் சோதனைக்கூடத்தில் ஓடியது வாடிக்கையாளர் இடத்தில் ஓட வேண்டுமே? ஆரம்பகால இன்ஜின்கள் பல அடிக்கடி மக்கர் செய்தன. காப்புரிமை வழக்குகள் வேறு. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் தொடங்கிய இன்ஜின் நிறுவனம் நிலைக்கவில்லை. நிலத்தில் போட்ட பணமும் போனது. ஓய்வில்லாத உழைப்பில் உடம்பும் கெட்டது. மற்றவர்கள் இன்ஜினை மெல்ல மெல்லச் சரிசெய்து, 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற கடல் கடக்கும் கப்பலே டீசலில் ஓடியது. கண்டுபிடித்தவரோ கடனில் இருந்தார்.

அந்த இரவில் என்ன நடந்தது?

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு உணவு முடித்தார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த தடமே இல்லை.

சுமார் பத்து நாள் கழித்து, கடலில் மிதந்த ஒரு உடலை டச்சுப் படகு ஒன்று கண்டது. சட்டைப் பையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருட்களைப் பார்த்து அப்பாவுடையதுதான் என்று மகன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்றுவரை முடிவில்லை. கடன் சுமையை வைத்து, தற்கொலையாக இருக்கலாம் என்று கருதுபவர்கள் பலர். அவருக்கு அப்போது வயது 55.

டீசல் பார்க்காத தீர்வு

காற்றால் ஊதும் முறைக்குப் பெரிய கம்ப்ரசர் வேண்டும். அதனால் இன்ஜினைச் சின்னதாக்க முடியவில்லை. 1927-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், டீசலை மட்டும் உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. கம்ப்ரசருக்கு வேலை இல்லாமல் போனது. லாரி, டிராக்டர், நம்ம வீட்டுப் பக்கத்து ஜெனரேட்டர் வரை டீசல் இன்ஜின் வந்து சேர இதுவும் முக்கியக் காரணம்.

ஆனால் அந்த பம்ப்பும் நாசிலும் முடியைவிட மெல்லிய இடைவெளியில் வேலை செய்பவை. தண்ணீர், தூசு, காற்று மூன்றுமே அதற்கு எதிரி.

அப்போ நாம என்ன செய்யணும்?

* டேங்கைப் பாதியாக வைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். காலியிடத்துக் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராக இறங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, பாசி போலப் படிந்து ஃபில்டரை அடைக்கும்.

* தண்ணீர் பிரிப்பான் இருந்தால், அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில்தான் நிற்கும்.

* ஃபில்டரை கையேட்டில் சொன்ன கெடுவில் மாற்றுங்கள். மாற்றியதும் ஏர் எடுக்க வேண்டும். பல மாடல்களில் இதற்கான திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அழுத்த வேண்டும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை மூடலாம்.

* கரண்ட் போகாவிட்டாலும் மாதம் ஒருமுறை லோடு கொடுத்து ஓட்டுங்கள். பழைய டீசல் தீர்ந்து புதுசு வரும்.

* ஓடும்போது நாசிலில் டீசல் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நாசில், பம்ப் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

* உங்களுடையது சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரா? இந்த ஏர் எடுக்கும் வேலை அதற்குப் பொருந்தாது. அதில் பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின் போல ஒட்டுவதுதான் சிக்கல். எடுத்து வைக்கும் முன் பெட்ரோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

* எந்த ஜெனரேட்டராக இருந்தாலும் வீட்டுக்குள்ளோ, மூடிய கார் ஷெட்டிலோ ஓட்ட வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும்.

ருடால்ஃப் டீசலை அலைக்கழித்த அந்தச் சிக்கலுக்கு இன்று நமக்கு ஒரு ஃபில்டர், கொஞ்ச நேரம், அவ்வளவுதான் செலவு. அடுத்த முறை கரண்ட் போகும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.