பலசாலியின் பரிகாரம்



ஹெர்குலிஸ் என்றால் எனக்கு ரொம்ப நாள் சைக்கிள்தான் ஞாபகம் வரும். கதையைப் படித்தபிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது.

கிரேக்கர்கள் அவனை ஹெராக்ளிஸ் என்றார்கள். தந்தை தேவர்களின் தலைவன் ஜீயஸ். தாய் மானிடப் பெண் அல்க்மினி. ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு இந்தப் பிள்ளையைக் கண்டாலே ஆகாது. அவள் ஏவிய இரண்டு பாம்புகளைத் தொட்டிலில் கிடந்தபடியே நெரித்துக் கொன்றான்.

வளர்ந்தபின் ஹீரா அவன் புத்தியைப் பேதலிக்க வைத்தாள். அந்த வெறியில் பெற்ற பிள்ளைகளையே கொன்றுவிட்டான். தெளிந்தபின் அழுது என்ன பிரயோஜனம்? டெல்ஃபி கோயிலின் அருள்வாக்குப்படி, யூரிஸ்தியஸ் மன்னனுக்குக் கைகட்டி வேலை செய்தான். நாம் சாகசம் என்று ரசிக்கும் அந்த 12 வேலைகளும் அவனுக்குப் பரிகாரம்!

நெமியா சிங்கத்தைக் கையாலேயே நெரித்தான். ஆனால் எனக்குப் பிடித்தது ஆஜியஸ் மன்னனின் மாட்டுத்தொழுவ வேலைதான். வருஷக்கணக்கில் அள்ளாத சாணத்தை ஒரே நாளில் சுத்தம் செய்யணும். அல்ஃபியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆறுகளையும் தொழுவத்துக்குள் திருப்பிவிட்டான். தண்ணீர் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

கடைசியில் மனைவி அறியாமல் கொடுத்த விஷ அங்கி உடம்பை எரிக்க, ஈட்டா மலையில் தானே சிதை ஏறினான். தேவர்கள் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஆற்றைத் திருப்பியவனால் போன பிள்ளைகளைத் திருப்ப முடியவில்லை. கோபத்தில் கை ஓங்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. நீங்களும் நினைத்துப் பாருங்களேன்!